செத்தவீடு இல்லாத துக்கம்



நமது ஊர்களில் ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் என்ன நடக்கின்றது என்பதை நாம் அனைவரும் அறிவோம். செய்தி பரவியதும் அயலவர் கூடிவிடுகின்றனர். முற்றத்தில் பந்தல் எழுகின்றது; கதிரைகள் வந்து இறங்குகின்றன. அந்த வீட்டு அடுப்பு மூட்டப்படுவதில்லை. அயல்வீடுகளிலிருந்து தேநீரும் சாப்பாடும் வருகின்றன. துக்கப்பட்டவர் வாய்விட்டு அழலாம், எவரும் குறைசொல்வதில்லை. உரிய நேரத்தில் உடல் அடக்கம் செய்யப்படுகின்றது. முப்பத்தோராம் நாள் குறிக்கப்படுகின்றது. வேலைத்தலத்திலும் லீவு கிடைக்கின்றது.

இனி வேறொரு வீட்டைப் பார்ப்போம். மூன்று ஆண்டுகளாக ஒருவரை நேசித்த யுவதி ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் மாலை அவளுடைய கைத்தொலைபேசிக்கு நான்கு வரிச் செய்தி வருகின்றது: வீட்டில் வேறிடத்தில் கலியாணம் பேசி முடித்துவிட்டார்கள், இனித் தொடர்பு வேண்டாம் என்று. அன்றிரவு அவள் தலையணைக்குள் முகம் புதைத்து அழுகிறாள். காலையில் கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வழமையான பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். "என்ன பிள்ளை, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு?" என்று தாய் கேட்டால், "இரவு நித்திரை இல்லை அம்மா" என்கிறாள். அவ்வளவுதான். பந்தலுமில்லை, வந்திருக்க ஆளுமில்லை, லீவுமில்லை. அடக்கமும் இல்லை, ஏனெனில் அவன் உயிரோடிருக்கிறான். வருகிற ஞாயிறு கோவில் வாசலிலேயே எதிர்ப்படவும் கூடும்.

இத்தகைய துக்கத்தைச் சுமந்து நிற்கும் ஆண், பெண் இருபாலாருக்கும் உரியது இன்றைய பாடம். இதில் நாம் கற்கவிருப்பது ஒன்றே: காதல் முறிவு மறைக்கவேண்டிய அவமானம் அன்று, துக்கம் கொண்டாடி ஆற்றவேண்டிய ஓர் இழப்பு. செத்தவீடு துக்கப்பட்டவருக்குச் செய்யும் உதவிகளை நாம் அறிந்து செய்தால், இப்புண்ணும் ஆறும்.

1. இதுவும் ஓர் இழப்பே

கெனத் டோக்கா என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இவ்வகைத் துயருக்கு ஒரு பெயர் சூட்டினார். சமூகம் ஏற்றுக்கொள்ள மறுக்கும் துக்கம் என்பது அதன் பொருள். ஒருவர் மெய்யாகவே எதையோ இழந்திருக்கிறார். ஆயினும் அதற்காக அழும் உரிமை அவருக்குண்டு என்று சுற்றியிருப்போர் கருதுவதில்லை. ஆகவே அவர் இருமுறை துன்புறுகிறார். இழந்ததனால் ஒருமுறை, இழந்ததைச் சொல்ல முடியாமையால் மறுமுறை.

நமது சமுதாயத்தில் இது இன்னும் கடினமாகின்றது. காதல் பெரும்பாலும் மறைவிலேயே வளர்கின்றது. ஆகவே அது மறைவிலேயே சாகவேண்டியும் இருக்கின்றது. சாதி, சீதனம், சமய வேறுபாடு, வெளிநாட்டுச் சம்பந்தம் என்று முறிவுக்குக் காரணம் எதுவாயினும், வீட்டுக்குத் தெரிந்தால் "நல்லதாய்ப் போச்சு" என்ற ஒற்றைச் சொல்லே ஆறுதலாகக் கிடைக்கின்றது.

இழந்தது ஓர் ஆளை மட்டுமா? நாள்தோறும் பேசிய அந்த அரைமணி நேரம், கட்டுவோம் என்று பேசிக்கொண்ட வீடு, அவருடைய தாயாரை மாமி என்று அழைக்கப் பழகிய நாவு, அவருக்கு அருகில் இருந்தபோது நீங்கள் எவ்வாறு சிரித்தீர்களோ அந்தச் சிரிப்பு, இவை யாவும் ஒரே நாளில் போய்விட்டன. இத்தனையும் போன ஒருவர் அழாதிருந்தால்தான் வியப்பு.

2. வலி கற்பனையன்று

"இது வெறும் மனப்பிரமை" என்று சொல்வோர் உளர். ஆய்வுகள் அவ்வாறு கூறவில்லை. அமெரிக்காவில் 2011இல் வெளியான ஆய்வொன்றில், அண்மையில் தாம் விரும்பாமலே காதல் முறிவுக்கு ஆளான 40 பேரின் மூளை இயக்கம் படம்பிடிக்கப்பட்டது. பிரிந்தவரின் புகைப்படத்தைக் கண்டு அப்பிரிவை நினைத்தபோதும், கையில் சூடு வைக்கப்பட்டபோதும், மூளையின் சில பகுதிகள் ஒன்றுபோலவே இயங்கின. 2010இல் வெளியான வேறோர் ஆய்வில், கைவிடப்பட்ட பின்னரும் காதல் மாறாத 15 பேர் பரிசோதிக்கப்பட்டனர். போதைப்பொருளுக்கு ஏங்குவோரிடம் இயங்கும் மூளைப் பகுதிகள் அவர்களிடமும் இயங்குவது காணப்பட்டது. நெஞ்சு எரிகின்றது, பசியில்லை, கை தானாகவே தொலைபேசியை எடுக்கின்றது என்று நீங்கள் சொல்வது பொய்யன்று, பலவீனமும் அன்று.

இங்கிலாந்தின் மனநோய் மருத்துவர்களான ஜோன் போல்பி, கொலின் மரே பார்க்ஸ் ஆகிய இருவரும் 1970இல் துக்கத்தின் நான்கு நிலைகளை விளக்கினர். முதலாவது மரத்துப்போதல்: நடந்ததை நம்பமுடியாதிருப்பது. இரண்டாவது தேடுதல்: வருவார், அழைப்பார் என்று காத்திருப்பது. மூன்றாவது நிலைகுலைவு: எதிலும் பிடிப்பின்றிச் சோர்வது. நான்காவது மீளமைத்தல்: அவர் இல்லாத வாழ்வைப் புதிதாக ஒழுங்குசெய்வது. மரணத் துக்கத்தைக் கருதியே அவர்கள் இவற்றைக் கூறினார்கள். ஆயினும் காதலை இழந்தவரும் தம்மை இதில் அடையாளம் காண்பார். நள்ளிரவில் எழுந்து, அவர் கடைசியாக எப்போது வட்ஸ்அப்புக்கு வந்தார் என்று பார்க்கிறீர்களா? அது இரண்டாவது நிலை. சந்தையில் தாயைத் தவறவிட்ட குழந்தை ஒவ்வொரு சேலையாகப் பார்த்து ஓடுவதை ஒத்தது அது. அக்குழந்தையை எவரும் முட்டாள் என்பதில்லை.

இந்நிலைகள் படிக்கட்டுப்போல ஒழுங்காக வருவதில்லை என்பதையும் மனதிற் கொள்ளுங்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு, பஸ்ஸில் ஒலிக்கும் ஒரு பாட்டினால் மீண்டும் அழநேரிடலாம். அது பின்னடைவு அன்று, துக்கத்தின் இயல்பு.

3. மூன்று தவறான மருந்துகள்

முதலாவது, வலிந்து மறத்தல். "அவனை நினையாதே" என்று நண்பர் சொல்வர். 1987இல் டானியல் வெக்னர் என்னும் உளவியலாளர் மாணவர் சிலரை ஒரு வெண்கரடியை நினைக்கவேண்டாம் என்றும், நினைத்தால் மணியை அடிக்கவேண்டும் என்றும் பணித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்னர் நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டோரைவிட அதிகமாகவே அவர்கள் கரடியை நினைத்தார்கள். வாசலில் தடுத்த நினைவு வேலியால் வரும்.

இரண்டாவது, உடனே வேறொருவரைத் தேடுதல். இதற்குப் புனித அகுஸ்தீனாரின் வாழ்வே சாட்சி. பத்தாண்டுகளுக்கு மேலாகத் தம்மோடு வாழ்ந்து, ஒரு மகனையும் பெற்ற பெண்ணை, ஏறத்தாழ 385ஆம் ஆண்டில் மிலான் நகரில் அவர் பிரிந்தார். அந்தஸ்துள்ள இடத்தில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவருடைய தாய் மோனிக்கம்மாளும் அதை விரும்பினார். அந்தப் பெண் மகனை விட்டுவிட்டு ஆபிரிக்காவுக்குத் திரும்பினாள். இனி வேறெந்த ஆடவனையும் அறிவதில்லை என்று நேர்ந்துகொண்டாள். நிச்சயிக்கப்பட்ட மணப்பெண்ணுக்கோ மணவயதாக இன்னும் ஈராண்டு இருந்தது. அதுவரை பொறுக்கமாட்டாமல் அகுஸ்தீனார் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். அதனால் பழைய புண் ஆறவில்லை, மாறாக மோசமாயிற்று என்பதைத் தமது வாழ்வை அறிக்கையிட்ட நூலில் அவர் ஒளிக்காமல் எழுதியுள்ளார். அந்தப் பெண்ணின் பெயரையோ அவர் எழுதவில்லை. சம்பந்தத்துக்காகக் கைவிடப்படும் பெண்ணின் கதை நம் ஊரில் மட்டும் பிறந்ததன்று.

மூன்றாவது, பின்தொடர்தலும் பழிவாங்கலும். விருப்பமில்லை என்று சொல்ல மற்றவருக்கு முழு உரிமையுண்டு. அந்தச் சொல் நியாயமானதா என்று நீங்கள் வழக்குரைக்கலாகாது. அவள் போகும் வழியில் சைக்கிளோடு காத்து நிற்பதும், வேறு இலக்கத்திலிருந்து அழைப்பதும், நண்பரைத் தூதுவிடுவதும் காதல் அன்று, தொந்தரவு. நம்பித் தந்த கடிதங்களையும் படங்களையும் பிறருக்குக் காட்டுவது அதனினும் கீழான செயல். பிரிவில் காக்கும் கண்ணியமே அந்தக் காதல் எத்தகையது என்பதற்குக் கடைசிச் சாட்சி. வலியை மதுவில் கரைக்க முயல்வதும் இவ்வகையிலே அடங்கும். விடிந்ததும் வலி அப்படியே இருக்கும், தலையிடி மேலதிகம்.

4. செத்தவீடு கற்பிக்கும் ஐந்து ஒழுங்குகள்

அப்படியானால் செய்யவேண்டியது யாது? செத்தவீட்டையே ஆசிரியராகக் கொள்வோம்.

அ. வந்திருக்க ஒருவர். துக்கவீட்டுக்கு வருவோர் பெரிதாக எதுவும் பேசுவதில்லை, வந்திருப்பதே ஆறுதல். ஊருக்கெல்லாம் சொல்லவேண்டாம். ஒருவரிடம் சொல்லுங்கள். அக்காவோ, சித்தியோ, பழைய ஆசிரியரோ, குருவானவரோ, வாய் காக்கத் தெரிந்த சிநேகிதரோ அவராக இருக்கலாம். "நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம், நான் சொல்வதைக் கேட்டால் போதும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையேல் நல்ல மனத்தினாலேயே புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுவார்.

ஆ. அழுகைக்கு இடம். ஆண்பிள்ளை அழலாமா என்பவர் செத்தவீட்டில் தகப்பன் அழுவதைக் கண்டதில்லையா? அழ இடமில்லாதவர் எழுதலாம். 1986இல் ஜேம்ஸ் பென்பேக்கர் என்பவர் வெளியிட்ட ஆய்வில், மாணவர் நான்கு நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம், தம்மை மிகவும் வருத்திய சம்பவத்தை எழுதினர். எழுதிய உடனே மனம் கனத்தது; ஆனால் நடந்ததையும் அதுபற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்துவந்த மாதங்களில் வைத்திய நிலையத்துக்குப் போனது குறைந்தது. ஒரு கொப்பியை எடுத்து, யாரும் படிக்கமாட்டார்கள் என்ற துணிவோடு எழுதிப் பாருங்கள். எழுத்து எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. எழுத எழுதப் புண் கிளறப்படுவதாகக் கண்டால், கொப்பியை மூடிவிட்டு ஒருவரோடு பேசுங்கள்.

இ. அடக்கம். உடலை வீட்டில் வைத்துக்கொண்டே எவரும் துக்கத்தைக் கடந்ததில்லை. கடிதங்கள், படங்கள், பரிசுகள் ஆகியவற்றை ஒரு பெட்டியிலிட்டுக் கட்டி, நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். கோபத்தில் கொளுத்தவேண்டாம், பின்னர் வருந்த நேரிடலாம். கைத்தொலைபேசியிலுள்ள இலக்கத்தையும் பேஸ்புக் தொடர்பையும் அகற்றிவிடுங்கள். அது பகையன்று, ஒவ்வொரு நாளும் புதைகுழியைத் தோண்டாதிருப்பதற்கான வழி. ஒரே அலுவலகத்திலோ ஒரே பங்கிலோ இருக்க நேர்ந்தால், வணக்கம் சொல்லிக் கடந்து செல்வது போதுமானது.

ஈ. அடுப்பு. துக்கவீட்டாருக்கு அயலவர் ஏன் சோறு கொண்டுவருகின்றனர்? அவர்களாகச் சமைத்து உண்ணமாட்டார்கள் என்பதால். உங்களுக்கு எவரும் கொண்டுவரப் போவதில்லை. ஆகவே பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குளியுங்கள். கைத்தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். மாலையில் அரைமணி நேரம் நடவுங்கள். பரீட்சையையோ தொழிலையோ பாதியில் விட்டுவிடாதீர்கள். இந்த மாதம் எடுக்கும் பெரிய முடிவு எதுவும் உங்கள் முடிவாக இராது. வலியின் முடிவாகவே இருக்கும்.

உ. முப்பத்தோராம் நாள். அன்று துக்கம் தீர்ந்துவிடுவதில்லை. ஆனால் இனி வெளியே இறங்கலாம் என்று வாழ்வு அன்று அனுமதி தருகின்றது. நீங்களும் நாட்காட்டியில் ஒரு நாளைக் குறியுங்கள். அன்று நீண்டநாள் காணாத ஒருவரைப் பார்க்கப் போங்கள். விட்டுவிட்ட பாடல் பயிற்சியையோ விளையாட்டையோ மீண்டும் தொடங்குங்கள்.

5. உயிரைப் பற்றி ஒரு வார்த்தை

இதைச் சொல்லாமல் இப்பாடத்தை முடிக்க முடியாது. உயிரை மாய்த்துக்கொள்வோரின் வீதம் 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக உயர்ந்து, உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், அது பாதிக்கும் கீழாகக் குறைந்தது. இதிலிருந்து நாம் கற்பது யாது? அந்த எண்ணம் ஓர் அலைபோல எழுந்து, பின் தணிகின்றது. அந்தச் சில மணித்தியாலங்களைக் கடந்தவர்களுள் மிகப் பலர் பின்னர் வாழ்ந்தார்கள்.

ஆகவே அத்தகைய எண்ணம் வந்தால் தனியே இருக்காதீர்கள். உடனே எழுந்து, ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போய், ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். 1926 என்னும் இலக்கத்தை அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி கிடைக்கும். 1974இல் தொடங்கப்பட்ட சுமித்ரயோ என்னும் தொண்டர் அமைப்பும் இத்தகைய வேளைகளில் செவிகொடுக்கின்றது. இரண்டு வாரங்களுக்கு மேலாக நித்திரையும் உணவுமின்றி, எவ்வேலையும் செய்ய முடியாதிருந்தால் வைத்தியரிடம் செல்லுங்கள். காய்ச்சலுக்குப் போக வெட்கப்படாத நாம் இதற்கு ஏன் வெட்கப்படவேண்டும்? சிநேகிதர் ஒருவர் இவ்வாறு பேசினால் பகிடியாக எடுக்கவேண்டாம். "சாகவேண்டும்போல் இருக்கிறதா?" என்று நேரே கேளுங்கள், கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை. கேட்டபின் அவரை விட்டு அகலாதீர்கள்.

6. புண்ணிலிருந்து வளர்ச்சி

நிற்க. துக்கம் ஆறுவது ஒன்று. அதனால் வளர்வது வேறொன்று. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், காதல் முறிவைக் கண்ட பல்கலைக்கழக மாணவர் 92 பேரிடம், அதனால் தம்மில் நிகழ்ந்த நல்ல மாற்றங்கள் எவை என்று கேட்கப்பட்டது. ஒவ்வொருவரும் சராசரியாக ஐந்து மாற்றங்களைக் கூறினர். பிரிவுக்கான காரணத்தை ஓர் ஆளின் குணத்தில் மட்டும் காணாமல், சூழ்நிலையிலும் கண்டவர்களே கூடுதலாக வளர்ந்ததாகக் கூறினர்.

இதை ஒரு பயிற்சியாகச் செய்யலாம். குறித்த அந்த நாளுக்குப் பிறகு, மனம் சற்று அமைதியான மாலையொன்றில், கொப்பியின் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதற் பகுதியில் அவர் விட்ட தவறுகள். இரண்டாவதில் நீங்கள் விட்ட தவறுகள். மூன்றாவதில் இருவர் கையிலும் இல்லாத காரணங்கள். முதற் பகுதி மட்டும் நிரம்பினால் நீங்கள் இன்னும் கோபத்தில் இருக்கிறீர்கள். இரண்டாவது மட்டும் நிரம்பினால் உங்களை நீங்களே தண்டிக்கிறீர்கள். மூன்றிலும் உண்மையாக எழுத முடிந்த அன்று நீங்கள் வளரத் தொடங்கியிருக்கிறீர்கள். நான் அவரை நேசித்தேனா, அல்லது அவர் என்னைப் புகழ்ந்ததை நேசித்தேனா? அடுத்த முறை எதைத் தொடக்கத்திலேயே கேட்டுத் தெளிவேன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை எழுதியவருக்கு அந்த ஆண்டுகள் வீணாகப் போகவில்லை.

மன்னிப்பும் இவ்வழியிலேதான் வருகின்றது. மன்னிப்பதென்றால் நடந்தது சரி என்று சொல்வதன்று, மீண்டும் சேர்வதுமன்று. அவர் தந்த கடனை இனி வசூலிக்கப் போவதில்லை என்று கணக்கை மூடுவதே மன்னிப்பு. அது ஒரு நாளில் கைகூடாது. கூடாததற்காக வருந்தவும் வேண்டாம்.

புதிய உறவுக்குத் தயாரா என்பதை எப்படி அறிவது? அவருடைய பெயரைப் பிறர் சொல்லக் கேட்டு, பேச்சைத் தொடர முடிகின்றதா? அவருக்குக் காட்டவேண்டும் என்பதற்காகவன்றி, உங்களுக்காகவே ஒருவரை விரும்ப முடிகின்றதா? ஆம் என்றால் காலம் கனிந்துவிட்டது.

7. பெற்றோருக்கு

உங்கள் பிள்ளையின் தெரிவு உங்களுக்குப் பிடிக்காதிருந்திருக்கலாம். ஆயினும் இழப்பு இழப்பே. "நான் அப்பவே சொன்னேன்" என்ற சொல்லை விழுங்கிவிட்டு, ஒரு கோப்பைத் தேநீரோடு அருகில் போய் இருங்கள். ஊர் வாயை மூடுவதற்காக அவசர அவசரமாகக் கலியாணம் பேசவேண்டாம். ஆறாத புண்ணின்மேல் கட்டும் தாலி, முன்பின் அறியாத இன்னொரு பிள்ளையையும் அழவைக்கும்.

அன்பார்ந்தவரே, உங்களை விட்டுப் போனவர் உங்கள் பெறுமதியை எடுத்துக்கொண்டு போகவில்லை. அவருக்கு முன்னரும் உங்கள் தாயின் பிள்ளையாக, ஒரு தம்பிக்கு அக்காவாக, ஓர் ஊரின் மகனாக நீங்கள் இருந்தீர்கள், இப்போதும் இருக்கிறீர்கள். நேசிக்கத் தெரிந்த உங்கள் நெஞ்சும் உங்களிடமே இருக்கின்றது. இந்த வாரம் ஒன்றை மட்டும் செய்யுங்கள்: உங்கள் துக்கத்தை ஒருவரிடம் சொல்லி, உங்கள் வீட்டு முற்றத்தில் அவரை வந்து அமரவிடுங்கள். பந்தல் போட அந்த ஒருவர் போதும்.

கலந்துரையாடலுக்கு

1. நமது ஊரில் காதல் முறிவைச் சொல்லமுடியாதபடி தடுப்பவை எவை?

2. துக்கத்தில் இருக்கும் சிநேகிதரிடம் சொல்லத்தகாத மூன்று சொற்களைக் குறிப்பிடுக.

3. "விருப்பமில்லை" என்ற சொல்லை மதிப்பது ஏன் அன்பின் ஒரு பகுதியாகின்றது?

4. ஐந்து ஒழுங்குகளுள் உங்களுக்கு மிகக் கடினமானது எது? ஏன்?